கண் வேறு, பார்வை வேறு

1997 டிசம்பர். எஸ்.பி.எம். தேர்வு முடிந்து சும்மா இருந்தேன். அத்தைக்குத் துணையாக என்னைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அத்தையின் மலாய் லூமுட் சந்தைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. வீட்டில் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்தவன் நான்தான்.

அத்தையின் வலது கண்ணுக்குள் கட்டி இருந்தது. மெலனோமா என்றார்கள். டாக்டர் பொறுமையான மனிதர். ஒரு தாளில் கண்ணை வரைந்து, கட்டி இருக்கும் இடத்தைக் கறுப்பு மையால் நிரப்பிக் காட்டினார். இரண்டு வழிகள் இருக்கின்றன என்றார். ஒன்று, கண்ணையே எடுத்துவிடுவது. இன்னொன்று, கதிர்வீச்சுத் தட்டு ஒன்றைக் கண்ணின் பின்பக்கம் சில நாட்கள் தைத்து வைப்பது. பிறகு மலாயில் ஒரு வாக்கியம் சொன்னார். அது இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. "மாத்தா போலே டிசெலாமாட்கான், தாப்பி பெங்லிஹாத்தான் பெலும் தெந்து." கண்ணைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் பார்வை நிச்சயமில்லை.

அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "கண்ணை எடுக்க வேணாமாம் அத்தே. காப்பாத்திடலாம்னு சொல்றாரு."

மலாயில் 'மாத்தா' என்பதும் 'பெங்லிஹாத்தான்' என்பதும் வேறுவேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மலாய்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அத்தை அழுதுகொண்டிருந்தார். வாக்கியத்தின் முதல் பாதி போதும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. நம் பேச்சிலும் கண்ணுக்கும் பார்வைக்கும் பெரிய இடைவெளி கிடையாது. பார்வை போனவரைப் பற்றி 'கண்ணு போச்சு' என்றுதான் சொல்கிறோம். கண் பிழைத்தால் பார்வையும் பிழைத்துவிடும் என்று அத்தை எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கண்ணைக் காப்பது வேறு, பார்வையைக் காப்பது வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டு, அளந்து, நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்ல மருத்துவத்துக்கே ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது. அதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அந்த நூறு வருடத்தைப் பற்றியது.

கரண்டும் புக்கிட் மேராவும்

அத்தை லூமுட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார். பால்வெட்டு கையின் வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அது கண்ணின் வேலை. உளி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்தில் காயம் விழும், கங்காணியிடம் ஏச்சு விழும். அத்தையின் மரங்களில் காயமே இருக்காது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அந்த வருடம் வலது கண்ணின் ஓரத்தில் திரை விழுந்ததுபோல ஒரு நிழல். வெள்ளெழுத்து என்று நினைத்து சித்தியவானில் கண்ணாடி போடப் போனார். கண்ணாடிக் கடைக்காரர் ஒளி அடித்துப் பார்த்துவிட்டு, "ஈப்போவுக்குப் போங்க, இன்னைக்கே போங்க" என்று அனுப்பினார். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர்.

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஆட்கள் 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். அத்தைக்கு அந்தச் சொல் பயம் தரவில்லை. நான் 'ரேடியாசி' என்ற மலாய்ச் சொல்லைச் சொன்னதும்தான் பயந்தார். "புக்கிட் மேராவுல இருந்துச்சே, அதுவா?" என்று கேட்டார்.

பேராக்கில் அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் 1982 முதல் ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கியது. ஈயக் கழிவு மணலிலிருந்து கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அரிய தாதுக்களைப் பிரித்தெடுத்தார்கள். மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. அதைப் பாப்பானில் கொட்டப் பார்த்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. புக்கிட் மேரா மக்கள் 1985 இல் வழக்குப் போட்டார்கள். 1992 இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. ஆனாலும் 1994 இல் நிறுவனம் ஆலையைக் கைவிட்டது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும் கருச்சிதைவுகளும் அந்த வருடங்களில் நாளிதழில் படித்த செய்திகள். ஆலை நின்று மூன்றே வருடம் ஆகியிருந்தது. அதே பொருளைக் கண்ணுக்குள் வைக்கப்போகிறோம் என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

"இது வேற அத்தே, இது மருந்து" என்றேன். அதுவும் பாதி உண்மைதான். அளவும் இடமும் காலமும் கட்டுக்குள் இருந்தால் கதிர்வீச்சு மருந்து. ஆனால் கட்டியின் செல் எது, நல்ல இரத்தக்குழாயின் செல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பத்து சென் காசு

தட்டு ஏறக்குறைய அந்தக் காலத்துப் பத்து சென் காசு அளவு இருக்கும். கண்ணின் வளைவுக்குப் பொருந்தும்படி கிண்ணம்போல் வளைந்திருக்கும். மயக்கம் கொடுத்து, கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே, கண்ணின் வெள்ளைச் சுவரில் அதைத் தைத்துவிடுகிறார்கள். சில நாட்கள் கழித்து மறுபடி மயக்கம் கொடுத்து எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் அத்தை தனி அறையில் இருந்தார். நாங்கள் வாசலில் நின்று சில நிமிடம் பேசலாம். "கோயில்ல தீட்டுன்னு வெளிய நிறுத்துவாங்களே, அதுமாதிரி இருக்குடா" என்று சிரித்தார்.

நல்லபடியாக வீடு திரும்பினோம். ஆறு மாதத்தில் கட்டி சுருங்கத் தொடங்கியது. அத்தை மறுபடி மரம் வெட்டப் போனார்.

1999 தீபாவளி முடிந்த சமயம் அது. முறுக்கு பிழியும்போது கோடுகள் நெளிந்து தெரிவதாகச் சொன்னார். பிறகு நடுவில் மங்கல். "கண்ணுல பாசி படிஞ்ச மாதிரி இருக்குடா" என்றார். எங்கள் ஊர்ப் பெயருக்கே பாசி என்றுதான் அர்த்தம். அதைச் சொல்லி நான் வேடிக்கை பண்ணினேன், அவர் சிரிக்கவில்லை. நோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டினோம். அத்தை நகைகளைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, கட்டி அடங்கித்தான் இருக்கிறது என்றார். இது கதிர்வீச்சினால் விழித்திரைக்கு வந்த பாதிப்பு. 2001 வாக்கில் அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. மரங்களில் காயம் விழ ஆரம்பித்தது. ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடவில்லை. அத்தையைச் செம்பனைப் பகுதியில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. "மருந்தே நோயாப் போச்சு" என்று மாமா எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

கொடுத்தவரும் கண்டுசொன்னவரும்

பல வருடம் கழித்து ஆலிவர் சாக்ஸின் 'தி மைண்ட்ஸ் ஐ' நூலைப் படித்தேன். 2010 இல் வந்த நூல். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான சாக்ஸ், 2005 டிசம்பரில் ஒரு திரையரங்கில் உட்கார்ந்திருக்கும்போது தன் பார்வையில் ஏதோ மாறியதை உணர்கிறார். வலது கண்ணில் மெலனோமா. அவருக்கும் கதிர்வீச்சுத் தட்டு, பின்னர் லேசர். மெல்ல மெல்ல நடுப்பார்வை போகிறது. 2009 இல் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து மிச்சமும் போகிறது. முப்பரிமாணப் பார்வையைக் கொண்டாடும் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்த மனிதர் அவர். உலகம் தட்டையாகிப்போனதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். லூமுட்டில் உளி பிடித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததை நியூயார்க்கில் பேனா பிடித்தவர் எழுதியிருந்ததாகவே எனக்குப் பட்டது. ஒரே வித்தியாசம், தனக்கு என்ன நடக்கக்கூடும் என்று சாக்ஸுக்கு முதலிலேயே தெரியும். அதற்குப் பிறகுதான் இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 இல். எட்டே வருடத்தில், 1903 இல், அமெரிக்காவின் டெக்சஸில் ஹில்கார்ட்னர் என்ற கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு எக்ஸ் கதிர் கொடுத்ததைப் பதிவு செய்தார். எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒழுங்கான அளவுகோல்கூட இல்லாத காலம். 1930 இல் லண்டன் பார்த்தலோமியோ மருத்துவமனையின் ஃபாஸ்டர் மூர், ரேடான் வாயு அடைத்த சிறு குழல்களைக் கண்ணின் கட்டிக்குள்ளேயே செருகி மெலனோமாவுக்குச் சிகிச்சை செய்ததை எழுதினார்.

மூருக்கு அடுத்து வந்தவர் ஹென்றி ஸ்டாலர்ட். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் காலில் அடிபட்ட நிலையிலும் ஓடி வெண்கலம் வாங்கியவர். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் அவரும் ஒரு பாத்திரம். ஓட்டத்தை விட்ட பிறகு கண் மருத்துவத்துக்கு வந்தார். ரேடியத்தையும் பிறகு கோபால்ட் 60 ஐயும் வைத்து, கண்ணின் வளைவுக்கேற்ற தட்டுகளை உருவாக்கினார். அத்தையின் கண்ணில் தைத்த தட்டு அந்த வம்சத்தில் வந்ததுதான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1933 இல், ஸ்டாலர்ட் இன்னொன்றும் செய்திருந்தார். கதிர்வீச்சு பெற்ற கண்களின் விழித்திரையில் இரத்தக் கசிவும் வெளிறிய படிவுகளும் தோன்றுவதை விவரித்து எழுதினார். கதிர்வீச்சு விழித்திரை நோய் என்று இன்று சொல்லப்படுவதன் முதல் விவரிப்பு அதுதான் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சிகிச்சையை வளர்த்தவரும் அதன் தீங்கைக் கண்டுசொன்னவரும் ஒரே ஆள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அவர் எதையும் மறைக்கவில்லை. கண்ணைத் தோண்டி எடுப்பது ஒன்றே வழி என்றிருந்த காலத்தில், பாதிக்கப்பட்ட கண்ணும் ஒரு கண்தானே என்று தொடர்ந்தார்.

தாமதமாக வரும் கடன்

ஏன் உடனே தெரியாமல் இரண்டு வருடம் கழித்துத் தெரிகிறது? எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்காமல் போனது இதுதான். அன்றைக்கே எரிந்திருந்தால் மருந்து சுட்டுவிட்டது என்று புரிந்திருக்கும்.

விழித்திரைக்கு உணவு கொண்டுபோவது மயிரிழை போன்ற இரத்தக்குழாய்கள். அவற்றின் உட்சுவரில் இருக்கும் செல்கள் மெதுவாகத்தான் பிரிந்து பெருகும். கதிர்வீச்சு ஒரு செல்லின் மரபுப்பொருளைச் சிதைத்தாலும், பெரும்பாலும் அது அடுத்துப் பிரிய முயலும்போதுதான் சாகிறது. ஆகவே சேதம் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. பிறகு நுண்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. சுவர் பலவீனமான இடங்களில் நீர் கசிகிறது. மாகுலா எனப்படும் விழித்திரையின் நடுப்பகுதி வீங்கினால் நேர்கோடு நெளிந்து தெரியும். அத்தையின் முறுக்கு நெளிந்தது அதனால்தான். பட்டினி கிடக்கும் விழித்திரை புதுக்குழாய் வேண்டும் என்று வேதிச் செய்தி அனுப்புகிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் நலிந்தவை, உடைந்து இரத்தம் கசியும், சில சமயம் கண்ணழுத்தத்தையும் ஏற்றிவிடும். பொதுவாக ஆறு மாதம் முதல் மூன்று வருடத்துக்குள் இது தலைகாட்டும். பார்வை நரம்புக்கும் இதே கதி வரலாம். கண்ணாடிவில்லையில் புரை விழலாம். புரையை அறுவை செய்து நீக்கிவிடலாம். செத்த விழித்திரையை மாற்ற வழியில்லை.

இனிப்புநீர் நோய் விழித்திரைக்குச் செய்வதும் ஏறக்குறைய இதேதான். இரண்டும் சேர்ந்தால் சேதம் வேகமாக நடக்கும். அத்தைக்கு இனிப்புநீர் இருந்தது. தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை?

அளவையும் பார்க்க வேண்டும். கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள். உடம்பு முழுவதிலும் ஒரே தடவையில் 5 கிரே விழுந்தால் உயிர் பிழைப்பதே கடினம். கண் மெலனோமாவுக்கு அமெரிக்க ஆய்வு ஒன்று வகுத்த அளவு, கட்டியின் உச்சியில் 85 கிரே. தட்டை ஒட்டிய சுவரில் இன்னும் அதிகம். பரப்பு மிகச் சிறியது என்பதால்தான் உடம்பு தாங்குகிறது. கட்டி மாகுலாவுக்கோ பார்வை நரம்புக்கோ பக்கத்தில் இருந்தால் அவையும் அந்த அளவில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். ஓரத்தில் இருக்கும் சிறிய கட்டிக்குப் பார்வை தப்பிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒருவருக்குப் பார்வை நிற்குமா போகுமா என்பதில் மருத்துவரின் கைத்திறமையைக் காட்டிலும் கட்டி முளைத்த இடத்துக்கும் உயரத்துக்கும்தான் அதிகப் பங்கு.

தட்டின் வரலாறே இந்தச் சிதறலைக் குறைக்கும் முயற்சிதான். கோபால்ட் 60 இன் கதிர் ஊடுருவிப் போகும். கட்டியைத் தாண்டிக் கண் முழுவதையும் தொடும், தைக்கும் மருத்துவரின் விரலையும் தொடும். 1960களில் கிழக்கு ஜெர்மனியின் லொம்மாட்ஷ் ருத்தேனியம் 106 தட்டைக் கொண்டுவந்தார். அதன் பீட்டா கதிர் சில மில்லிமீட்டரிலேயே அடங்கிவிடும். தட்டையான கட்டிக்கு நல்லது, உயரமான கட்டிக்குப் போதாது. அமெரிக்காவில் அயோடின் 125 பரவியது. பின்னால் தங்கக் கவசம் வைத்தால் பக்கத்து உறுப்புகளுக்குப் போகும் கதிரைத் தடுத்துவிடலாம். 1975 முதல் ஹார்வர்டில் புரோட்டான் கற்றையையும் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு மாற்றமும் கடனைக் கொஞ்சம் குறைத்தது. எதுவும் முழுதாகத் தள்ளுபடி செய்யவில்லை.

கேள்வியைக் கேட்ட ஆய்வு

இத்தனை காலமும் ஒரு பெரிய கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. கண்ணை எடுத்தால் உயிர் அதிக நாள் நிற்குமா, தட்டு வைத்தால் நிற்குமா? 1978 இல் சிம்மர்மனும் அவருடைய சகாக்களும் குண்டு ஒன்றைப் போட்டார்கள். கண்ணை எடுக்கும்போது ஏற்படும் அழுத்தமே புற்றுச் செல்களை உடம்பில் பரப்பிவிடுகிறதோ என்ற சந்தேகம் அது. எதையும் ஊகித்துச் சொல்ல முடியாத நிலை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 43 மையங்கள் சேர்ந்து ஆய்வில் இறங்கின. சுருக்கமாக 'காம்ஸ்' என்பார்கள். நடுத்தர அளவு மெலனோமா உள்ள 1317 பேரை 1987 முதல் 1998 வரை சேர்த்தார்கள். யாருக்குக் கண்ணை எடுப்பது, யாருக்கு அயோடின் தட்டு வைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானித்தார்கள். 2001 இல் முடிவு வந்தது. ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேர். வித்தியாசமே இல்லை.

அதே ஆண்டில் பார்வை பற்றிய அறிக்கையும் வந்தது. தட்டு வைத்த மூன்றாம் வருடத்தில் நூற்றுக்கு 43 பேருக்கு அந்தக் கண்ணின் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழ். நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலை அது. ஏறக்குறைய பாதிப் பேர் பார்வைப் பலகையில் ஆறு வரிசையோ அதற்கு மேலோ இழந்திருந்தார்கள். வாழ்க்கைத்தரம் பற்றிப் பின்னர் வந்த அறிக்கை இன்னும் நுட்பமானது. வண்டி ஓட்டுவது, பக்கவாட்டில் பார்ப்பது போன்றவற்றில் தட்டு வைத்தவர்கள் முதல் இரண்டு வருடம் மேலாக இருந்தார்கள். பிறகு அந்த வித்தியாசம் தேய்ந்தது. கண்ணை எடுத்தவர்களின் பதற்றம் காலப்போக்கில் அடங்கியது. தட்டு வைத்தவர்களில் பதற்றம் வந்தவர்களுக்கு அது எளிதில் போகவில்லை. கட்டி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்ற நினைப்பு காரணமாக இருக்கலாம்.

அத்தை முடிவெடுத்தது 1997 இல். அப்போது இந்த ஆய்வு முடியவே இல்லை. அந்த டாக்டரிடம் சதவிகிதங்கள் இருந்திருக்காது. 'பெலும் தெந்து', நிச்சயமில்லை என்று அவர் சொன்னது, அன்றைக்கு இருந்த அறிவின் மிகச் சரியான மொழிபெயர்ப்பு. பிழை என்னுடைய மொழிபெயர்ப்பில்தான்.

பூனைக்கண்

மெலனோமா நம்மவர்களுக்கு அரிது. அமெரிக்காவில் வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்து பேர் அளவில் வரும், ஆசியரிடம் அதைவிட வெகு குறைவு. நம் குடும்பங்களில் அதிகம் காணக்கூடியது குழந்தைகளின் ரெட்டினோபிளாஸ்டோமா. ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. இருட்டில் கண்மணி வெள்ளையாக மின்னுவதால் தமிழில் பூனைக்கண் என்கிறோம். ஹில்கார்ட்னர் எக்ஸ் கதிர் கொடுத்ததும் இதற்குத்தான்.

குழந்தைகளின் கதையில் கடன் இன்னும் கொடூரமானது. வெளியிலிருந்து முழுக் கண்ணுக்கும் கதிர் கொடுத்தபோது பல கண்கள் பிழைத்தன. ஆனால் பரம்பரை வகை நோயுள்ள குழந்தைகள் வளர்ந்ததும், கதிர் பட்ட எலும்பிலும் தசையிலும் புதிய புற்றுநோய்கள் வந்தன. 1971 இல் நுட்சன் விளக்கியபடி, அந்தக் குழந்தைகளின் ஒவ்வொரு செல்லிலும் காவல் மரபணுவின் ஒரு பிரதி பிறப்பிலேயே பழுது. கதிர்வீச்சு மற்றதையும் பழுதாக்கினால் போதும். 1997 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பரம்பரை வகையினரில் ஐம்பது வருடத்தில் பாதிப் பேருக்கு இரண்டாம் புற்றுநோய் வருவதாகக் கணக்கிட்டது. அதன் பிறகு வெளிக் கதிர் கடைசி வழியாக ஒதுக்கப்பட்டு, மருந்துச் சிகிச்சை முன்னுக்கு வந்தது. சிறிய கட்டிகளுக்குத் தட்டு இன்றும் உண்டு.

சென்னையில் 1978 இல் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் 2000களின் தொடக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரித்த அயோடின் 125 விதைகளைக் கண் கட்டிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு அதே மையம், அணு உலை எரிபொருளின் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்துக் கண் தட்டு செய்தது. இது சாதாரண விஷயமல்ல. ருத்தேனியம் 106 இன் அரையாயுள் ஏறக்குறைய ஒரு வருடம். வாங்கிவைத்த தட்டு வருடா வருடம் பாதி வலு இழக்கும். ஐரோப்பாவிலிருந்து திரும்பத் திரும்ப இறக்குமதி செய்ய எல்லா நாட்டு மருத்துவமனைகளுக்கும் கட்டாது. புக்கிட் மேராவில் கழிவு என்றால் என்ன என்று பார்த்த என்னைப் போன்றவனுக்கு, அணுக்கழிவிலிருந்து கண் மருந்து வருகிறது என்ற செய்தி கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. புதுக்குழாய் முளைக்கச் செய்யும் வேதிச் செய்தியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2004 க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தன. இனிப்புநீர்க்காரர்களுக்குக் கண்ணில் போடும் அதே ஊசிதான். கதிர்வீச்சு விழித்திரை நோய்க்கும் அதைப் போடுகிறார்கள். சில மையங்களில் பாதிப்பு தெரிவதற்கு முன்பே, தட்டு எடுத்ததிலிருந்து சில மாதத்துக்கு ஒரு முறை போட்டு வீக்கத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். எல்லாரையும் இது காப்பாற்றாது. ஆனால் பார்வை தெளிவாக இருக்கும்போதே பரிசோதனைக்குப் போகிறவருக்குத்தான் இதனால் பயன். போகவேண்டும் என்று தெரிந்திருந்தால்தானே போவார்.

இன்று யாராவது இந்த நிலையில் என்னிடம் வந்தால் சில கேள்விகளை எழுதிக் கையில் கொடுப்பேன். கட்டி மாகுலாவிலிருந்தும் பார்வை நரம்பிலிருந்தும் எவ்வளவு தூரம்? எவ்வளவு உயரம்? மூன்று வருடம் கழித்து இந்தக் கண்ணில் என்ன மிஞ்சும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்ப்பீர்கள்? ஈரலை எப்போது சோதிப்பீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். இந்த நோய் பரவினால் முதலில் போவது பெரும்பாலும் ஈரலுக்குத்தான். சாக்ஸுக்கு ஒன்பது வருடம் கழித்து அப்படித்தான் வந்தது. 2015 ஆகஸ்டில் இறந்தார்.

மிச்சப் பாதி

அத்தைக்கு நோய் பரவவில்லை. சாக்ஸின் நூலைப் படித்த அந்த வருடம் லூமுட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். பங்கோர் ஃபெரி போய்க்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன்.

"அத்தே, அன்னைக்கு டாக்டரு கண்ணைக் காப்பாத்தலாம், ஆனா பார்வை நிக்குமான்னு தெரியாதுன்னு சொன்னாரு. நான் பாதிதான் சொன்னேன்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன்.

"சொல்லியிருந்தாலும் தட்டுதான் வச்சிருப்பேன்" என்றார். "கண்ணைத் தோண்டிட்டு லயத்துல நடக்க எனக்குத் தெம்பு இல்ல. அதுக்காக உன்ன ஒண்ணும் சொல்லல. ஆனா பார்வை மங்குனப்ப, நோவு திரும்பிடுச்சு, சாகப்போறோம்னு நெனச்சு ஒரு வருசம் தூங்கலடா. அது மருந்தோட வேலைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, ஒரு கண்ணு போவுது, போவட்டும்னு தூங்கியிருப்பேன்."

பார்வையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதால் அவருக்குப் பார்வை போகவில்லை. அது போகிறதென்று இருந்தால் போயிருக்கும். போனது அந்த ஒரு வருடத் தூக்கம். அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அத்தை 2014 இல் காலமானார். சிறுநீரகம் பழுதாகித்தான், புற்றுநோயால் இல்லை. வலது கண் கடைசிவரை முகத்தில் இருந்தது.